சார்ஜ்

மருது பட்டாளத்திலிருந்து இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தான். ஒரு கம்பளி. ஓர் இங்கிலீஷ் சொல்.

கம்பளியைப் பூச்சி அரித்தது. சொல் அப்படியே இருந்தது.

அதை அவன் முதலில் கேட்டது மெஸப்பொட்டேமியாவில், பஸ்ராவுக்கு வடக்கே, ஒரு வாய்க்கால் கரையில். கேப்டன் துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டான். வரிசை முழுவதும் அமைதியாயிற்று. பிறகு துரை சொன்னான். பெரிதாகக் கத்தவில்லை. சார்ஜ்.

எல்லோரும் ஓடினார்கள். மருதுவுக்கு இடப்பக்கம் ஓடியவனுக்குத் தாடை போயிற்று. தாடையில்லாமலே அவன் கொஞ்ச தூரம் ஓடினான். மறுகரையில் ஒரு துருக்கிக்காரன் குழியிலிருந்து எழுந்தான். மருது பயனெட்டை அவன் விலாவுக்குக் கீழே செருகினான். சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தான். வீசாதே. குத்து. திருகு. இழு. இழுக்க வரவில்லை. துருக்கிக்காரன் துப்பாக்கிக் குழலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கிணற்றில் இறங்குகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல. மருது அவனைக் காலால் மிதித்துத் தள்ளிவிட்டு மேலே ஓடினான்.

சாயங்காலம் ஹவில்தாரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டான்.

"காலையில செஞ்சியே, அதுதான்."

"அம்புட்டுத்தானா?"

"வேற என்ன வேணும் உனக்கு?"

வேறும் இருந்தது. காவலில் தூங்கிவிட்ட ஒரு சிப்பாயை நிறுத்தி வைத்து ஒரு காகிதத்தை வாசித்தார்கள். அதன் பெயரும் சார்ஜ். வாசித்து முடித்து வண்டிச் சக்கரத்தில் கட்டிக் கசையால் அடித்தார்கள். முதுகு தெரியாமல் போகும்வரை அடித்தார்கள். பீரங்கிக்குள் திணிக்கும் மருந்துக்கும் அதுதான் பெயர். செத்த கேப்டனின் இடத்துக்கு வந்தவன் கம்பெனியின் சார்ஜை எடுத்துக்கொண்டான் என்றார்கள். சண்டை முடிந்து ஊருக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் டிஸ்சார்ஜ் என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டியபோது மருது அதை வாங்கக் கை நீட்டவில்லை. குமாஸ்தா அவன் சட்டைப் பையில் செருகி அனுப்பினான்.

காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் காவல் வேலை கிடைத்தது. மருந்து கெட்டித்துச் சுடும் ஒரு பழைய துப்பாக்கியும் கொடுத்தார்கள். கணக்குப்பிள்ளை முதல் நாளே சொன்னார்: "முன்கட்டு சார்ஜ் உன்னுது, மருது." அவன் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸில் போகும்போது கண்டக்டர், "சார்ஜ் எடுங்க, சார்ஜ் எடுங்க" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். மருது எழுந்து நின்றுவிட்டான். பஸ் சிரித்தது. ஊருக்கு அவனுக்கு முன்பே கதை போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அவன் சார்ஜு மருது.

ஊர் ஆலங்கண்மாய். ஒக்கூருக்குத் தெற்கே. மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. கோயில் ஒன்று. கோயில் மாடும் ஒன்று. மாசியில் மஞ்சுவிரட்டு நடக்கும்.

முதலில் அவிழ்ப்பது கோயில் மாட்டை. அதை யாரும் தொடக் கூடாது. அது தொழுவிலிருந்து கிளம்பிப் பொட்டலைக் கடந்து, ஐயனார் கோயிலைச் சுற்றிவிட்டுத் தானாகத் தொழுவுக்குத் திரும்பும். சில வருஷம் கோயிலைச் சுற்றாமலே வரும்; தொழுவுக்கு வந்தால் போதும். அது திரும்பும்வரை வேறு மாடு அவிழாது. ஊர் ஆண்கள் பொட்டலை விட்டுப் போகக் கூடாது. கயிற்றுக்காரன் தொழுவின் வாசலில், கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நடுவில் அவன் எழுந்தால் மாடு திரும்பியதாக ஆகாது. மாடு திரும்பாத வருஷம் இரண்டு தெருவிலும் விதைப்பு இல்லை, கல்யாணம் இல்லை.

கயிற்றுக்காரன் வீரணன். கீழத்தெரு. மருதுவும் அதே தெரு; அவன் மனைவி பொன்னுத்தாயிக்கு வீரணன் ஒரே தம்பி.

போன மாசியில் மேலத்தெரு இருளாண்டி குடித்துவிட்டுக் கோயில் மாட்டின் திமிலைப் பிடித்தான். கீழத்தெருக்காரர்கள் அவன் கையை உரலில் வைத்து உலக்கையால் அடித்தார்கள். கை கறுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே வெட்டினார்கள். ஆடியில் செத்தான். அவன் அண்ணன் பெரியகருப்பன் சுடுகாட்டிலேயே சொல்லிவிட்டான், அடுத்த மாசியில் மாடு திரும்பாது என்று.

மாசி வந்தது. மருது லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்திருந்தான். பொன்னுத்தாயி கூழை ஊற்றி வைத்தாள்.

"பொட்டலுக்குப் போறீகளா?"

"போகாம?"

"போனா என் தம்பியைக் கூட்டிக்கிட்டுத்தான் வரணும். தனியா வந்தீகன்னா இந்த வாசல்ல ஏறாதீக."

"கயிறு பிடிக்கிறது அவன். என்னைய எதுக்கு மிரட்டுற?"

"அவனை மிரட்டுனாக் கேக்க மாட்டான். அதான் உங்களை."

அவள் சிரிக்கவில்லை. அவன் கூழைக் குடித்துவிட்டு எழுந்தான்.

பொட்டலில் போலீஸ் லாரி நின்றது. லத்திக்காரர்கள் ஒரு வரிசை. துப்பாக்கிக்காரர்கள் சிலர். வேல்கம்பு, அரிவாள் எல்லாவற்றையும் பிடுங்கி லாரியில் போட்டிருந்தார்கள். அதிகாரி வெள்ளைக்காரர். சின்ன வயது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஏட்டு அழகுசுந்தரம். குன்றக்குடிக்காரர். இன்று பொட்டலின் சார்ஜ் துரையுடையது என்று ஏட்டு இரண்டு தெருவின் தலைக்கட்டுகளான நாட்டார்களிடமும் சொன்னார்.

வீரணன் தொழுவின் வாசலில் உட்கார்ந்து கயிற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்க சொல்லு இங்குட்டும் வந்துருச்சே."

"வாயை மூடிக்கிட்டு வேலையப் பாரு, மாப்பிள்ளை."

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"உன்னைக் கொண்டாந்து வாசல்ல விடணுமாம்."

"நான் என்ன கன்னுக்குட்டியா?"

"கன்னுக்குட்டிக்குச் சொன்னாப் புரியும்."

நாட்டார்கள் வேட்டி துண்டு கொண்டுவந்தார்கள். கோயில் மாட்டின் கொம்பில் வேட்டி கட்டினார்கள். பெண்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். வீரணன் கயிற்றை உருவினான். மாடு கிளம்பியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

பாதிப் பொட்டலில் ஒரு கல் வந்து மாட்டின் கண்ணில் பட்டது. மேலத்தெருப் பக்கமிருந்து வந்தது.

கீழத்தெருக்காரர்கள் தொழுவின் மூங்கில்களைப் பிடுங்கினார்கள். மேலத்தெருக்காரர்கள் வண்டிகளின் முளைக்குச்சிகளை உருவினார்கள். முதல் அடியில் ஒருவனுக்குக் காது பிய்ந்து தோளில் தொங்கியது. விழுந்தவன் முகத்தை ஒருவன் குதிகாலால் மிதித்தான். பல்லை மண்ணில் தேடக்கூட அவன் எழவில்லை. மூங்கில் தெறித்தது. கத்தியவர்கள் குறைவு. மூச்சுச் சத்தமும் அடிச் சத்தமும்தான் கேட்டன.

துரை கையைத் தூக்கினார். ஒரு துப்பாக்கி வானத்தைப் பார்த்து வெடித்தது. அதில் குண்டு இல்லை, மருந்து மட்டும். மாட்டுக்கு அது தெரியாது. ஐயனார் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மாடு திசை மாறியது. வேட்டி கொம்பிலிருந்து அவிழ்ந்து விழுந்தது. மாடு வரப்பைத் தாண்டி ஓடைப்பக்கம் போய் மறைந்தது.

சண்டை நின்றது.

துரை கலைந்து போகச் சொன்னார். ஏட்டு அதைத் தமிழில் சொன்னார். யாரும் போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். இரண்டு தெருவும். காது போனவனும் அதைப் பிய்த்தவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரத்தம் வடிய வடிய எல்லோரும் ஓடைப்பக்கம் பார்த்தார்கள்.

துரைக்கு முகம் சிவந்தது. அந்த வருஷம் எல்லா ஊர்களிலும் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அடிக்க அடிக்க எழாமல் உட்கார்ந்தார்கள். துரை அதைப் பார்த்திருந்தார்.

"காங்கிரஸ்?" என்று ஏட்டிடம் கேட்டார்.

ஏட்டு, "நோ சார், மாடு..." என்று ஆரம்பித்தார். துரை லத்திக்காரர்களைப் பார்த்துத் திரும்பிவிட்டார். ஏட்டு நிறுத்திக்கொண்டார்.

மருது வீரணனிடம் குனிந்தான். "எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

"மாடு வரல மச்சான்."

"மாடு வராது. அடுத்து என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். நான் எந்திரிச்சா என்ன நடக்கும்னு." வீரணன் கயிற்றை மடியில் சுற்றிக்கொண்டான். "நீங்க வேணா போங்க. அக்காகிட்ட நான் கன்னுக்குட்டி இல்லைன்னு சொல்லுங்க."

மருது துரையிடம் நடந்தான். விறைத்து நின்று சல்யூட் அடித்தான். துரையின் கை தானாக எழுந்து பதில் சல்யூட் அடித்தது.

"மெஸப்பொட்டேமியா, சார்," என்றான் மருது. பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷைச் சேர்த்தான். "புல் கம், பீப்பிள் கோ. ஐ பிரிங் புல்."

துரை அவனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் என்றார்.

மருது தரையில் கிடந்த ஒரு மூங்கிலை எடுத்தான். மாட்டைத் தொடாமல் ஓட்ட வேண்டும். மூங்கிலின் ஒரு முனை சண்டையில் பிளந்து கூராக நின்றது. அதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

ஓடையில் தண்ணீர் இல்லை. மணலில் ரத்தம் இருந்தது. ரத்தத்தின் வழியே போனான்.

மாடு ஓடைக்கரையின் மூலையில் ஒதுங்கி நின்றது. ஒரு கண் மூடிக்கிடந்தது. அதன் முன்னால் பெரியகருப்பன், கையில் அரிவாளுடன். போலீஸ் வருவதற்கு முன்பே மணலில் புதைத்து வைத்திருந்த அரிவாள். கல்லடி பட்ட மாடு எங்குட்டுப் போனாலும் விரட்டி இங்கே மடக்குவது என்று முன்பே முடிவு செய்திருக்கிறான். மாட்டின் பின்தொடையில் ஏற்கெனவே ஒரு வெட்டு இருந்தது. அது பிளந்து, உள்ளே சதை துடித்தது.

"யாரு, சார்ஜா? வா. நின்னு பாத்துட்டுப் போ."

"பெரியகருப்பா, மாட்டை விடு. போலீஸ் அடிக்கப் போகுது."

"அடிக்கட்டும்."

"ரெண்டு தெருவும் உக்காந்திருக்கு. உன் மச்சினன்மாரும்தான் உக்காந்திருக்காக."

"என் தம்பி கையை உரல்ல வச்சப்பவும் ரெண்டு தெருவும் உக்காந்துதான் இருந்துச்சு." பெரியகருப்பன் மாட்டின் பின்னங்காலைப் பார்த்தான். நரம்பு இருக்கும் இடத்தைப் பார்த்தான். "இது திரும்பாது. எல்லாரும் உக்காந்தே சாகட்டும்."

"அங்க என் மச்சினன் இருக்கான்."

"தெரியும். அவன் வீசின உலக்கைதான் முத உலக்கை. அவன் உன்கிட்ட சொல்லலையா?"

வீரணன் சொல்லியிருக்கவில்லை.

பெரியகருப்பன் அரிவாளை ஓங்கினான். மருதுவுக்கு அந்தச் சொல் கேட்டது. தன் வாயிலிருந்துதான் வந்தது. ஓடினான். வீசாதே. குத்து. மூங்கில் விலாவுக்குக் கீழே நுழைந்தது. திருகினான். இழுத்தான். வரவில்லை. பெரியகருப்பன் அரிவாளைப் போட்டுவிட்டு மூங்கிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மருதுவின் முகத்தைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்து ரத்தம் வழிந்து தாடியில் சேர்ந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான்.

மருது அவனைக் காலால் மிதிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். மூங்கிலை ஓடையின் அடுத்த வளைவுக்குத் தூக்கி எறிந்தான். கையை மணலில் தேய்த்தான்.

பிறகு மாட்டுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினான். மாடு ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தது.

மாடு வரப்பில் ஏறியதை முதலில் கரையிலிருந்த பெண்கள் பார்த்தார்கள். குலவையிட்டார்கள். மாடு பொட்டலுக்குள் இறங்கியது. அதற்குத் தொழு தெரிந்துவிட்டது. நொண்டிக்கொண்டே ஓடத் தொடங்கியது. போலீஸ் வரிசை நடுவில் நின்றது. மாடு தலையைக் குனிந்தது.

வரிசை பிளந்து வழிவிட்டது. மாடு உள்ளே புகுந்து தொழுவை அடைந்தது. வீரணன் எழுந்து கயிற்றை அதன் கழுத்தில் போட்டான்.

மாடு திரும்பிவிட்டது. இனி வீட்டுக்குப் போகலாம். உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்களும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

துரை பார்த்தது அதைத்தான். மாடு வரிசையை உடைத்தது. கூட்டம் எழுந்தது.

வரிசை அமைதியாயிற்று. அந்த அமைதியை மருதுவுக்குத் தெரியும். அவன் இன்னும் பொட்டலின் ஓரத்தில்தான் இருந்தான்.

துரை அந்தச் சொல்லைச் சொன்னார்.

லத்திகள் ஓடின. மருதுவும் ஓடினான். போலீஸ் ஓடிய அதே திசையில், போலீஸை முந்திக்கொண்டு ஓடினான். பார்த்தவர்கள் அவனும் அடிக்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மாயக்கண்ணன் குடத்தோடு நின்றான். லத்தி அவன் நெற்றியில் இறங்கியது. குடம் உடையவில்லை. அவன் மண்டை உடைந்தது. விழுந்தவர்கள் மேல் ஓடினார்கள். எழுந்தவர்களை மறுபடி விழவைத்தார்கள். முழங்காலைத் தேடித் தேடி அடித்தார்கள்.

வீரணன் கயிற்றை விடவில்லை. அதனால் ஓடவில்லை. ஒரு லத்தி அவன் காலை முறித்தது. அடுத்தது தலைக்கு வரும்போது மருது அவன் மேல் விழுந்தான். அது மருதுவின் முதுகில் இறங்கியது. அதற்கடுத்ததும். விலா எலும்பு ஒடிவது சுள்ளி ஒடிவதுபோல் உள்ளே கேட்டது.

"மச்சான், மாடு..." என்றான் அடியில் கிடந்த வீரணன்.

"வந்துருச்சு. பேசாமக் கெட."

மருது அடிகளை வாங்கிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தான். மாடு தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

அன்று இருவரையும் ஒரே வண்டியில் போட்டுக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொன்னுத்தாயி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள். மருதுவின் கட்டிலுக்கும் வீரணனின் கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"கொண்டாந்துட்டீக," என்றாள்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. ஓடையில் பெரியகருப்பனின் உடல் கிடைத்திருந்தது. மேலத்தெரு நாட்டார்கள் வீரணன் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. செத்தவனுக்காகக் கொடுக்கும் பெயர் குத்தியவனின் பெயர் அல்ல. எதிர்த்தெருவில் இல்லாமல் போனால் வலிக்கும் ஆளின் பெயர். காலில் கட்டுடன் வீரணனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

மருது பொன்னுத்தாயியிடம் சொன்னான். "அது நான்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை அவன் கட்டிலில் வைத்தாள். பிறகு, "வக்கீலைப் பாருங்க," என்றாள்.

வக்கீல் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "நீ போய்ச் சொன்னா, மச்சினனும் மச்சானும் சேந்து செஞ்சதுன்னு எழுதுவான். நீ ஏறுவ. அவன் இறங்க மாட்டான். போலீஸ் சார்ஜ் ஷீட்டைப் பாத்துட்டுப் பேசுவோம்."

"என்ன ஷீட்டு?"

வக்கீல் மறுபடி சொன்னார். மருது தலையை ஆட்டினான்.

ஏட்டு அழகுசுந்தரம் ஒருநாள் செட்டியார் வீட்டு வாசலுக்கு வந்தார். பீடி பற்றவைத்தார்.

"துரை உனக்குக் கால் மணி நேரம் கொடுத்தாரே, அது எந்தப் பேப்பர்லயும் இல்ல."

"ஏன்?"

"டைம் கொடுத்துட்டு மாடு வந்தப்புறம் அடிச்சாருன்னு வருமா இல்லையா? அதனால நீ மாட்டைத் தேடிப் போகவே இல்ல. மாடு கூட்டத்தோட சேந்து போலீஸைத் தாக்குச்சு. அப்படித்தான் எழுதியிருக்கு."

"நீங்க அங்க இருந்தீகளே."

"இருந்தேன். எனக்கு நாலு பொம்பளப் பிள்ளைக." ஏட்டு பீடியை அணைத்துவிட்டுப் போனார்.

கோர்ட்டில் சித்திரை வெயில். வீரணனைக் கூண்டில் நிறுத்தினார்கள். கால் கோணலாகக் கூடியிருந்தது. குமாஸ்தா சார்ஜ் ஷீட்டை வாசித்தார். மருது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வண்டிச் சக்கரத்தை நினைத்தான்.

முதல் சாட்சி பெரியகருப்பனின் மனைவி காளியாயி. வீரணன் தொழுவிலிருந்து எழுந்து ஓடைப்பக்கம் போனதைக் கண்மாய்க் கரையிலிருந்து பார்த்ததாகச் சொல்ல வேண்டும். மேலத்தெரு நாட்டார்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள்.

"கூண்டில் நிற்பவனைத் தெரியுமா?"

"தெரியும். கயிற்றுக்காரர்."

"அன்றைக்கு இவன் எழுந்து ஓடைப்பக்கம் போனதைப் பார்த்தாயா?"

காளியாயி வீரணனைப் பார்த்தாள். கூண்டின் கட்டையைப் பிடித்தாள்.

"எந்திரிக்கல."

சர்க்கார் வக்கீல் கேள்வியை மறுபடி கேட்டார்.

"மாடு திரும்புற வரைக்கும் அவரு எந்திரிக்கல. எந்திரிச்சிருந்தா மாடு திரும்புனதே இல்லைன்னு ஆகும். நான் கரையில உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மேலத்தெரு பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அடுத்து வந்த இரண்டு சாட்சிகளும் மேலத்தெருக்காரர்கள்தான். அவள் சொன்ன பிறகு அவர்களாலும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

மாஜிஸ்திரேட் காகிதங்களைப் புரட்டினார். வீரணனைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். டிஸ்சார்ஜ்.

"விட்டாச்சு," என்றார் வக்கீல்.

வெளியே வேப்பமரத்தடியில் காளியாயி தனியாக நின்றாள். மருதுவைக் கூப்பிட்டாள்.

"கம்படின்னா மண்டையில இருக்கும். இல்ல தோள்ல. எங்க ஆளுக கம்பை வீசுவாக. உங்க ஆளுகளும் வீசுவாக. இது விலாவுக்குக் கீழ ஒரே குத்து. உள்ள திருகியிருந்துச்சு. குளிப்பாட்டுனது நான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்தச் சுத்துப்பட்டுல அப்படிக் குத்தப் படிச்சவன் நீ ஒருத்தன்தான்."

"ஏன் உள்ள சொல்லல?"

"உள்ள கேட்டது கயிற்றுக்காரரைப் பத்தி. அதுல பொய் சொல்ல வாய் வரல. என் பிள்ளைகளும் இந்த ஊர்லதான் விதைக்கணும்." எதிரே ரோட்டோரப் புளியமரங்களைப் பார்த்தாள். "மிச்சம் கோர்ட்டுக்கு இல்ல. எங்க தெருவுக்கு."

புளியமரத்தடியில் பெரியகருப்பனின் மச்சினன்மார் நின்றார்கள். கையில் கம்பு இருந்தது.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" என்று காளியாயி கேட்டாள்.

"இல்ல. கம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துபோனாள்.

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மருது வீரணனைத் தோளில் தாங்கி ஏற்றினான். ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தான்.

"நீங்க ஏறல?"

"எனக்கு இங்க சோலி இருக்கு, மாப்பிள்ளை."

"அக்கா கேக்குமே."

"வாசல்வரைக்கும் கொண்டாந்து விடச் சொல்லுச்சு. இதுக்கு மேல பஸ்ஸு கொண்டுபோய் விடும்னு சொல்லு."

வீரணன் ஜன்னல் வழியே புளியமரத்தைப் பார்த்தான். எழ முயன்றான். மருது அவன் தோளை அழுத்தினான்.

"நான் இங்க நிக்கிறவரைக்கும் அவுகளும் இங்கதான் நிப்பாக. உக்காரு. உனக்கு உக்காரத் தெரியும்."

"மச்சான்."

"முத உலக்கை நீ போட்டதா?"

வீரணன் தலையைக் குனிந்தான். மருது அவன் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தான். கீழே இறங்கினான்.

கண்டக்டர் வாசலில் நின்றான். "சார்ஜ்? ரெண்டு பேருக்கா?"

"ஒருத்தனுக்கு."

காசைக் கொடுத்தான். பஸ் போயிற்று. தூசி அடங்கும்வரை மருது ரோட்டில் நின்றான். பிறகு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு புளியமரத்தின் பக்கம் திரும்பினான். கையில் ஒன்றும் இல்லை. ஒடிந்து கூடிய விலா மூச்சு இழுக்கும்போது குத்தியது.

மரத்தடியில் அமைதியாயிற்று. ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

யாரும் எந்தச் சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் ஓடிவந்தார்கள்.